தலை இந்தி, உடல் இங்கிலீஷ், வயிறு நம்முடையது

இந்தப் பெயரை முதலில் வாய்விட்டு ஒருமுறை படித்துவிடுங்கள். ‘விக்சித் பாரத் – கேரண்டி ஃபார் ரோஸ்கார் அண்ட் ஆஜீவிகா மிஷன் (கிராமீண்) சட்டம், 2025.’ இடையில் மூச்சு வாங்கினால் தவறில்லை. சபா நாடகத்தில் மாப்பிள்ளைத் தோழன் அடிக்கும் ஜோக் என்று நினைத்துவிட வேண்டாம். நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் நிறைவேறி, 2025 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்ற சட்டத்தின் திருநாமம் இது. நம் ஊர்ப் பெண்கள் ஏறக்குறைய இருபது வருஷமாக ‘நூறு நாள் வேலை’ என்று மூன்றே சொல்லில் சொல்லிவந்த காரியத்துக்கு டெல்லி நடத்திய நாமகரணம்.

பெயரைப் பிரித்து மேய்ந்தால் இன்னும் ருசிக்கும். விக்சித் பாரத், இந்தி. கேரண்டி, இங்கிலீஷ். ஃபார், இங்கிலீஷ். ரோஸ்கார், பாரசீகத்திலிருந்து இந்திக்கு வந்து குடியேறியது. சுத்த இந்திக்காரர்கள் எப்படிக் கவனிக்காமல் விட்டார்களோ தெரியவில்லை. அண்ட், மறுபடி இங்கிலீஷ். ஆஜீவிகா, சமஸ்கிருதம். மிஷன், பாதிரிமார் கொண்டுவந்தது. கடைசியில் கிராமீண், கிராமம் இந்த தேசத்தில் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கிறது, அதாவது அடைப்புக்குறிக்குள். இந்த ஆஜீவிகாவைப் பார்த்ததும் எனக்கு ஆசீவகர் ஞாபகம் வந்தது. எல்லாம் ஊழின்படி நடக்கும், மனித முயற்சியால் ஆவது எதுவுமில்லை என்று போதித்த பழைய சமயத்தார். வேலை கொடுக்கும் சட்டத்துக்கு அவர்கள் வாடை அடிக்கும் பெயரை வைத்தவர், தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, தீர்க்கதரிசி.

இத்தனை பாடும் ஐந்து எழுத்துக்காக. கேரண்டியின் ‘ஜி’, ரோஸ்காரின் ‘ஆர்’, ஆஜீவிகாவின் ‘ஏ’, மிஷனின் ‘எம்’, கிராமீணின் ‘ஜி’. கூட்டிப் படித்தால் ‘ஜி ராம் ஜி’. பழைய சட்டத்தின் பெயரில் 2009 முதல் காந்தி இருந்தார். அவரை இறக்கிவிட்ட இடத்தில் ராமரை ஏற்றியிருக்கிறார்கள். காந்தி கடைசியாக உச்சரித்ததென்று ராஜ்காட் கல்லில் பொறித்திருப்பதும் ராமன் பெயர்தான். அந்தப் பெயரை வைத்தே அவரை அழித்திருக்கிறார்கள். இந்த யோசனை யாருக்கு உதித்ததோ அவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு, வெட்கம்தான் இல்லை.

இந்தித் திணிப்பு என்று இதைத் திட்டிவிட்டுப் போவது இந்திக்குச் செய்யும் அநியாயம். பிகாரில் கூடையில் மண் சுமக்கும் போஜ்புரிக்காரி ‘கேரண்டி ஃபார் ரோஸ்கார் அண்ட்’ என்றா பேசுகிறாள்? பிரேம்சந்தைப் படித்து வளர்ந்தவருக்கும் இந்தப் பெயர் குமட்டத்தான் செய்யும். எந்தத் தாய்க்கும் பிறக்காத மொழி இது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முதலில் சுருக்கப் பெயரைத் தீர்மானித்து, பிறகு அதற்கு ஏற்றபடி விரிவைத் தேடிய ஓர் அதிகாரியின் சிருஷ்டி.

மொழிகளைக் கலந்து சிரிக்கவைப்பது நம் நாட்டில் பழைய கலை. அதற்கென்று ஓர் ஒழுங்கும் இருந்தது. சமஸ்கிருத நாடகத்தில் ராஜாவும் மந்திரியும் சமஸ்கிருதம் பேசுவார்கள். பெண்களும் வேலைக்காரர்களும் பிராகிருதம். விதூஷகன் பிராமணனாகவே இருந்தாலும் அவன் வாயில் பிராகிருதம்தான். கேரளத்துக் கூடியாட்டத்தில் அந்த விதூஷகன் இன்னும் ஒருபடி மேலே போனான். நாயகன் உருகி உருகிச் சொல்லும் காதல் சுலோகத்துக்கு அவன் மலையாளம் கலந்த எதிர்ச்சுலோகம் ஒன்றைக் கட்டிவிடுவான். நாயகி முகத்தை நாயகன் தாமரை என்றால் இவன் சமையற்கட்டுக்குப் போய் உவமை தேடுவான். கூத்து நடக்கும்போது அந்த வேடம் கட்டும் சாக்கியார் யாரைக் கேலி செய்தாலும், எதிரில் உட்கார்ந்திருப்பவர் ராஜாவாகவே இருந்தாலும், வாய் திறக்கக் கூடாது என்பது மரபு. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கும் அதே உரிமை. துரியோதனன் சபையில் நின்றுகொண்டு தாசில்தார் இங்கிலீஷில் அதிகாரம் பண்ணுவான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

1684 முதல் 1712 வரை தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய ராஜா ஷாஜி ‘பஞ்சபாஷா விலாசம்’ என்றொரு நாடகம் எழுதினார். ஐந்து மொழி, ஒரே நாடகம், தமிழும் அதில் ஒன்று. அரசனே எழுதினாலும் மேடைக்குத்தான் எழுதினான், அரசாணைக்கு எழுதவில்லை. வைணவ உரைகாரர்கள் மணிப்பிரவாளத்தில் எழுதியது சிரிப்புக்காக இல்லை. வேதாந்தமும் ஆழ்வார் தமிழும் ஒரே வாக்கியத்தில் உட்காரவேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. கேட்பவனுக்குப் புரியவேண்டும் என்ற அக்கறையில் கலந்தார்கள். தனித்தமிழ்க்காரர்கள் அவர்களைத் திட்டித் தீர்த்தது வேறு கதை. எனக்கு அந்தச் சண்டையில் இருபக்கமும் நண்பர்கள் இருப்பதால் நழுவிக்கொள்கிறேன்.

பிரான்ஸில் மோலியேர் ‘கற்பனை நோயாளி’ நாடகத்தின் முடிவில் ஒரு பட்டமளிப்பு விழா வைத்தார். பிரெஞ்சும் அரைகுறை லத்தீனும் பிசைந்த மொழியில் டாக்டர்கள் கேள்வி கேட்பார்கள். என்ன நோயைச் சொன்னாலும் மாணவனிடம் ஒரே பதில்: எனிமா கொடு, ரத்தத்தை இறக்கு, பேதிக்குக் கொடு. சபாஷ் என்று பட்டம் கொடுத்துவிடுவார்கள். 1673 பிப்ரவரி 17 அன்று நாலாவது முறையாக மேடையேறி நோயாளியாக நடித்த மோலியேர், அன்று இரவே இறந்துபோனார். புரியாத மொழியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மனிதர்களைக் கொன்றவர்களை அவர் அதே மொழியால் அடித்தார். கலப்பு மொழி அங்கதத்தின் முழு நியாயமும் அதில் இருக்கிறது: மேலே இருப்பவனின் பகட்டு மொழியைக் கீழே இருப்பவன் எடுத்துக் குதறுவது.

இப்போது அந்த ஒழுங்கு தலைகீழ். ராஜா கோமாளி பாஷை பேசுகிறார். சிரிக்க வேண்டியவர்கள் ஆதார் அட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள்.

நீதி ஆயோக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ‘நீதி’ ஒரு சுருக்கம். ‘நேஷனல் இன்ஸ்டிட்யூஷன் ஃபார் ட்ரான்ஸ்ஃபார்மிங் இந்தியா.’ இங்கிலீஷை அரைத்துச் சமஸ்கிருதம் பிழிந்து, பின்னால் ‘ஆயோக்’ என்ற வாலையும் ஒட்டியிருக்கிறார்கள். நகரங்களுக்கான ‘அம்ருத்’தும் இப்படித்தான். உள்ளே ‘ரெஜுவினேஷன்’, ‘அர்பன் ட்ரான்ஸ்ஃபர்மேஷன்’ என்று இங்கிலீஷ் நெரிந்து கிடக்கும். வெளியே அமிர்தம் சொட்டும். பள்ளிக்கூடங்களுக்கு வந்தது ‘பி.எம். ஸ்ரீ’. இந்த ‘ஸ்ரீ’ லட்சுமி கடாட்சம் என்று கும்பிட்டுவிடாதீர்கள். ‘ஸ்கூல்ஸ் ஃபார் ரைஸிங் இந்தியா’. அந்த ஸ்ரீயில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று தமிழ்நாடு சொன்னதும், மத்திய அரசின் சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை. ஓர் எழுத்துக்கு இவ்வளவு விலை கொடுத்த மாநிலம் உலகத்தில் வேறு உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தொழிலில் சம்பளமில்லாமல் சேர எனக்கும் ஆசை. மாதிரிக்கு இரண்டு சரக்கு வைத்திருக்கிறேன். புதிய வேலைச் சட்டப்படி, விதைப்பும் அறுப்பும் மும்முரமாக நடக்கும் நாட்களில், வருஷத்துக்கு மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கலாம். இந்த ஏற்பாட்டுக்குத் தனிப் பெயர் இல்லாதது ஒரு குறை. ‘விஷனரி இனிஷியேட்டிவ் ஃபார் சஸ்பெண்டிங் ரூரல் அலவன்ஸ் மந்த்லி’ என்று வைக்கலாம். சுருக்கினால் ‘விஸ்ராம்’. ஓய்வு என்று அர்த்தம். பட்டினி கிடப்பவள் ஓய்வெடுக்கிறாள் என்று பத்திரிகைக் குறிப்பு கொடுக்கவும் வசதி. பள்ளிக்கூடப் பணத்தை நிறுத்தியதற்கு இன்னொன்று: ‘ஸ்கீம் ஃபார் ஹோல்டிங் அப் நிதி ஃபார் யங் ஆஸ்பிரன்ட்ஸ்.’ முதல் எழுத்துகளைக் கூட்டினால் ‘ஷூன்யா’. வடக்கே அதற்குப் பூஜ்யம் என்று பொருள். நம் பக்கம் சூன்யம் வைப்பது என்றால் என்னவென்று கிழவிகளைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டு பொருளும் பொருந்துகிற பெயர் லேசில் அமையாது. காப்புரிமை கேட்கமாட்டேன், அமைச்சகம் எடுத்துக்கொள்ளலாம்.

சட்டப் புத்தகத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் ‘பாரதீய நியாய சன்ஹிதா’ வந்தது. கூடவே ‘பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’, ‘பாரதீய சாக்ஷிய அதிநியம்’. சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகம் இங்கிலீஷில் இருக்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் அட்டையைத் திருப்பினால் உள்ளே முழுக்க முழுக்க இங்கிலீஷ். தலை இந்தி, உடல் இங்கிலீஷ். சிறைக்குப் போகும் ஆள் மட்டும் தமிழன், கன்னடன், சந்தால். காலனி நாற்றத்தைக் கழுவுகிறோம் என்றார்கள். கழுவியது பெயர்ப்பலகையை. உள்ளே பழைய தண்டனைச் சட்டத்தை வரைந்த மெக்காலே அதே நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்.

இதில் தமிழுக்கு நேர்ந்த தனி நஷ்டத்தை யாரும் பேசவில்லை. மோசடிக்காரனை ‘நானூத்தி இருபது’ என்று திட்டிப் பழகிய வாய் நமக்கு. புதிய சன்ஹிதாவில் அந்தக் குற்றம் 318(4). சந்தையில் நின்று ‘போடா முந்நூத்திப் பதினெட்டு அடைப்புக்குறி நாலு’ என்று கத்திப் பாருங்கள். திட்டு வாங்கியவன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவான். ஸ்ரீயையும் 420ஐயும் சேர்த்துவைத்தது 1955இல் படம் எடுத்த ராஜ் கபூர். அந்தப் பாவத்தை என் தலையில் ஏற்றி யாரும் வழக்குப் போட வேண்டாம்.

இந்திச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி மசோதாவுக்குத் தலைப்பு வைக்கும் பழக்கத்தை எதிர்த்து 2025 டிசம்பரில் ப. சிதம்பரம் குரல் கொடுத்தார். நியாயமான குரல். 1989இல் அவர் கட்சியின் அரசு ‘ஜவஹர் ரோஸ்கார் யோஜனா’ என்று கிராமத்து வேலைத் திட்டத்துக்குப் பெயர் வைத்தபோது அந்த அரசில் அவர் இணை அமைச்சர். ‘இந்திரா ஆவாஸ் யோஜனா’வும் அவர்கள் வீட்டுப் பிள்ளைதான். அப்போது தொண்டை கட்டியிருந்ததோ என்னவோ.

சரி, டெல்லியைத் திட்டியாயிற்று, கைதட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று யாராவது எழுந்தால் உட்காருங்கள். இந்த நாடகத்தின் அடுத்த காட்சி நம் ஊரில் நடக்கிறது.

தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. 2012இல் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு தேர்தல் அறிக்கையில் ஒரு வரி, ஆண்டு விழாவில் ஒரு கர்ஜனை, அவ்வளவுதான். மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று புத்தகமாகவே போட்டுவிட்டார். வருஷம் 1862. வக்கீலும் தமிழர், நீதிபதியும் தமிழர், வழக்காடுபவரும் தமிழர், நடுவில் இங்கிலீஷுக்கு என்ன வேலை என்று ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலில் விளாசினார். அது 1879. அந்தத் தீர்ப்புத் தொகுப்பு, ஒரு முன்சீப் தனியாளாக, தட்டெழுத்துக்கூட இல்லாத காலத்தில் செய்தது. இன்றைக்கு ‘அஃபிடவிட் ஃபைல் பண்ணி, கவுண்ட்டர் போட்டு, அட்ஜர்ன் ஆகி, ஸ்டே வேக்கேட் பண்ணி’ என்று வக்கீல் சொல்லும்போது, நிலத்தைப் பறிகொடுத்தவர் தலையாட்டுகிறார். புரிந்து ஆட்டுவது இல்லை. பீஸ் கொடுத்தாயிற்றே என்று ஆட்டுவது. மோலியேரின் டாக்டர்கள் செத்துவிட்டார்கள் என்று யார் சொன்னது?

2006இல் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. தமிழில் பெயர் வைத்தால் சினிமாவுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று அரசு அறிவித்தது. கோடம்பாக்கம் ராத்திரியோடு ராத்திரியாகத் தமிழ்ப் பற்றுக் கொண்டது. தலைப்பில் தமிழ், உள்ளே கதாநாயகி ‘ஐ யாம் ஸாரி, ஐ டோன்ட் நோ’ என்று அழுவாள். டெல்லி அட்டையில் இந்தியை ஒட்டி இங்கிலீஷை விற்கிறது. நாம் போஸ்டரில் தமிழை ஒட்டி அதே சரக்கை விற்றோம். அதே சினிமாவில் நகைச்சுவை என்றால் என்ன? வேலைக்காரன் இங்கிலீஷ் பேசித் தப்புப் பண்ணுவான், முதலாளி உதைப்பார். ‘சபாபதி’ காலத்திலிருந்து, அதாவது 1941லிருந்து, இங்கிலீஷ் தெரியாததைச் சிரிப்பாய்ச் சிரித்து வந்திருக்கிறோம். கொட்டகையில் முன்வரிசையில் உட்கார்ந்து அதிகம் சிரித்தவன் இங்கிலீஷ் தெரியாதவன். தமிழ் தெரியாத கலெக்டரையும், நோயாளியிடம் நாலு வார்த்தை தமிழில் பேச முடியாத ஸ்பெஷலிஸ்டையும் வைத்து எத்தனை படம் சிரித்தது? விதூஷகன் ராஜாவைக் கடித்தான். நம் காமெடியன் சமையல்காரனைக் கடித்தான்.

மாநில அரசு தன் திட்டங்களுக்குத் தமிழில் பெயர் வைப்பதை மனதாரப் பாராட்டுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம், இல்லம் தேடிக் கல்வி, புதுமைப்பெண், நான் முதல்வன் என்று காது குளிர்கிறது. ஆனால் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த, பண்டிகைக்குப் பண்டிகை விற்பனையில் சாதனை படைக்கும் நிறுவனத்தின் பெயர் டாஸ்மாக். 1983இல் ஆரம்பித்தது. கொடி பிடித்தவர், தீக்குளித்தவர் பெயரைச் சொன்னவர், தமிழைச் சோறாகத் தின்றவர் என்று ஆண்ட கட்சியெல்லாம் மாறி மாறி நடத்தியும், ஊர் வாயில் புழங்க அதற்கொரு தமிழ்ப் பெயர் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தமிழை எங்கே வைக்கக்கூடாது என்பதில் மட்டும் நம் தலைவர்களுக்குக் கூச்சம் உண்டு.

ஏரிக்கரையில் நூறு நாள் வேலை செய்யும் பெண்களும் மொழி கலந்துதான் பேசுகிறார்கள். ‘கார்டு போட்டாச்சா, ஆப்புல போட்டோ எடுத்துட்டாங்களா, ஆதார் லிங்க் ஆகலன்னா அக்கவுண்ட்ல ஏறாதாம்ல.’ இந்தக் கலப்பில் பகட்டு ஒரு துளி இல்லை. கூலிக்கும் அவளுக்கும் நடுவில் எத்தனை தடுப்பு வைத்தார்களோ அத்தனை இங்கிலீஷ் வார்த்தை அவள் வாயில் ஏறியிருக்கிறது. டவர் கிடைக்காத ஊரில் போட்டோ ஏறவில்லை என்றால் அன்றைக்கு அவள் வெட்டிய மண் கணக்கில் வராது. 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அதுவும் நேரத்துக்கு வரவில்லை. டெல்லி வைத்த பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று 2025 மார்ச்சில் மாநிலத்தின் அன்றைய ஆளுங்கட்சியே தெருவுக்கு வந்து ஆர்ப்பாட்டம் செய்தது. பாக்கி வைத்தவர்களுக்குப் பாக்கியைக் கொடுக்க நேரம் வாய்க்கவில்லை. பெயர் மாற்ற வாய்த்தது.

பெயரை வைத்துச் சிரித்துவிட்டு, ராமரா காந்தியா என்று தொலைக்காட்சியில் ராத்திரி ஒன்பது மணிக்கு அடித்துக்கொள்ளும் அவசரத்தில், பெயருக்குக் கீழே எழுதியிருப்பது கண்ணில் படாமல் போகிறது. பழைய சட்டத்தில் கூலிப் பணம் முழுதும் மத்திய அரசின் பொறுப்பு. சாமான் செலவில்தான் மாநிலத்துக்குக் கால் பங்கு. புதிதில் நம் மாநிலத்துக்கு மொத்தச் செலவும் 60க்கு 40. நூறு நாளை 125 ஆக்கியதாகத் தம்பட்டம் அடிக்கிறார்கள். கூடுதலாக 25 நாள் இலையில் பரிமாறியவர்கள், சாப்பாட்டுச் செலவில் நாற்பது பங்கைப் பந்திக்கு வந்தவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். கஜானா காலியான மாநிலம் கையை விரித்தால் அந்த 125 காகிதத்தில் இருக்கும். வேலையை நிறுத்திவைக்கும் அந்த 60 நாளில் நிலமில்லாத பெண் பண்ணைக்காரர் சொன்ன கூலிக்குத்தான் போயாகவேண்டும். ‘நூறு நாள் வேலைக்கே போறேன், உன் கூலி வேண்டாம்’ என்று இருபது வருஷமாக அவளால் சொல்ல முடிந்தது. அந்தப் பேச்சைத்தான் பறித்திருக்கிறார்கள். இந்த ஒரு காரியத்தை மறைக்க மூன்று மொழி தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெல்லி வைத்த பெயரை மனுவில் எழுத மெனக்கெட வேண்டாம், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ‘நூறு நாள் வேலை’ என்றே எழுதுங்கள், எல்லாருக்கும் புரியும். பாக்கி எப்போது வரும், அறுபது நாள் அடுப்பு எதை வைத்து எரியும் என்று டெல்லியைக் கேளுங்கள். நாற்பது பங்குக்கு எந்தக் கஜானாவைத் திறக்கப்போகிறீர்கள் என்று கோட்டையைக் கேளுங்கள். இரண்டையும் சபைத் தீர்மானமாகத் தமிழில் எழுதவைத்து, கையெழுத்துப் போடுமுன் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பதில் எந்த மொழியில் வந்தாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.